நாலாவது மாடியில் 'கிராக்'

ஜூலை 8, செவ்வாய்

காலையில் ஆறு டிகிரி. இங்கே ஜூலைதான் குளிர்காலம். மேகம், தூறல். ஹோம்புஷ் ஸ்டேஷனில் ரயில் தாமதம். கையுறை வீட்டிலேயே.

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும். 

இந்த சைட்டில் இன்ஜினியராகச் சேர்ந்து பதினேழாவது நாள். ஏழு மாடிக் குடியிருப்பு. ஐந்தாவது தளத்துக்கு இன்று கான்கிரீட். பம்ப் ஓட ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஈரக் கான்கிரீட்டின் பாரம் முழுக்க நாலாவது மாடியில் நிற்கும் முட்டுக்கம்பிகள் மேல். அந்த நேரத்தில் நாலாவது மாடிக்கு ஏதாவது ஆனால் என்ன நடக்கும் என்று படித்தவள் நான்.

நான் தரைத்தளத்தில், கையில் ரேடியோ. ராபியின் குரல்: "டோனல், வாட்ஸ் த கிராக் ஆன் ஃபோர்?" நாலில் என்ன கிராக். டோனல் மேலேயிருந்து: "மைட்டி கிராக் அப் ஹியர்! மேல வந்து பாரு!"

மைட்டி கிராக். பெரிய விரிசல். வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை. அபாயச் சங்கை ஊதிவிட்டேன்.

பம்ப் நின்றது. அறுபது பேருக்கு மேல் தெருவில், தூறலில். ஒருவர் ஒற்றைக் காலணியோடு. நான் தலைகளை எண்ணிக்கொண்டே "எல்லாரும் இறங்கியாச்சா, எல்லாரும் இறங்கியாச்சா" என்று கத்திக்கொண்டிருந்தேன், தமிழில். பிறகுதான் தெரிந்தது தமிழில் கத்தியது.

விரிசல் இல்லை. ஒன்றுமே இல்லை. பம்ப் ஆளின் சாண்ட்விச்சை ஒரு வெள்ளைக் கொக்கட்டூக் கிளி பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அவர் அதைத் துரத்தினாராம். அவ்வளவுதான். அதுதான் 'மைட்டி கிராக்'. ஐரிஷ்காரர்கள் கேலி, கூத்து, ஊர்ச் செய்தி எல்லாவற்றுக்கும் சொல்கிற சொல்லாம். எனக்கு யாரும் சொன்னதில்லை.

டோனல் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். கிரேனுக்கு ரேடியோவில் வழி சொல்பவர் அவர். ஐம்பது வயதிருக்கும், அயர்லாந்தின் மேற்குக் கரை. ராபி சிரிக்கவில்லை. கம்பி கட்டும் ஆட்களுக்குத் தலைவர், அயர்லாந்தின் வடக்கு. ஒரு கப் டீயை என் கையில் திணித்தார். "உன் காதுல விழுந்ததுக்கு நீ செஞ்சது சரி. ஊதாம விட்டிருந்தாதான் தப்பு." அங்கேயே அழுதிருப்பேன்.

லாரிகளைத் திருப்பி அனுப்பினார்கள். சைட் மேனேஜர் கிரெக் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்குள்ள ரிப்போர்ட்." அவ்வளவே. என் விசா இந்த வேலை இருக்கும் வரைதான்.

ஜூலை 9, புதன்

வெயில், ஆனால் குளிர். என் ஹெல்மெட்டில் யாரோ சாக்பீஸால் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். விரிசலாம்.

ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம். 'பறவை' என்று எழுதலாமா? 'சொல்' என்று எழுதலாமா? மதியம் டோனலிடம் போய் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். மகிழ்ந்துபோனார். சாப்பாட்டுக் கொட்டகைச் சுவரில் பென்சிலால் எழுதியே காட்டினார்: சி, ஆர், ஏ, ஐ, சி. "இது எங்க பாஷை. ஐரிஷ். ரொம்ப ரொம்பப் பழசு. இங்கிலீஷ்ல இதுக்குச் சரியான வார்த்தையே கிடையாது, தெரியுமா."

அப்படியே எழுதினேன். 'பழமையான ஐரிஷ் மொழிச் சொல். ஆங்கிலத்தில் விரிசலைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிப்பதால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது.' நல்ல வாக்கியம் என்று எனக்கே ஒரு பெருமை.

வீட்டில் துஷியிடம் சொன்னேன். என்னோடு ஃபிளாட்டைப் பகிர்ந்துகொள்பவள், யாழ்ப்பாணம், பார்மசியில் வேலை. சிரித்துவிட்டு, "'என்ன புதினம்' எண்டு நாங்கள் கேக்கிறம் எல்லே, அதுதான். இதுக்குப் போய் சங்கு ஊதினனீயோ?" என்றாள். புதினம் என்றால் அவர்கள் ஊரில் புதுச் செய்தி.

வாங்க வேண்டியவை: கையுறை, தயிர், ரசப்பொடி, பேட்டரி.

ஜூலை 10, வியாழன்

காலைக் கூட்டத்தில் கிரெக் என் ரிப்போர்ட்டை எல்லார் முன்னாலும் படித்தார். சிரிப்புக்காக. 'பழமையான ஐரிஷ் மொழிச் சொல்' என்ற இடத்தில் டோனல் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். கைதட்டல்.

ராபி மட்டும், "யார் சொன்னது பழைய ஐரிஷ்னு?" என்றார்.

முதலில் விளையாட்டென்று நினைத்தேன். இருவரும் பதினொரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே வண்டியில் வருவார்கள். டோனலின் மகளுக்கு ஞானத்தந்தை ராபி. ஆனால் ராபியின் கழுத்து சிவந்திருந்தது.

"எங்க பக்கம் நாங்க காலங்காலமா 'கிராக்'னுதான் சொல்றோம். கே போட்டு எழுதறோம். ஸ்காட்லாந்துலேருந்து வந்த எங்க ஆளுங்க கொண்டுவந்தது. அதை நீங்க எடுத்து ஐரிஷ் எழுத்துல எழுதி, பப் வாசல்ல உங்க பச்சை பெயின்ட் அடிச்சு மாட்டிக்கிட்டீங்க. இப்ப எனக்கே, நான் உங்ககிட்ட கடன் வாங்கினதா ரிப்போர்ட் எழுதறீங்களா?"

"ஒரு ஜோக்குப்பா இது, ராபி" என்றார் டோனல்.

"எனக்கு ஜோக் இல்ல."

கூட்டம் அத்தோடு கலைந்தது. ராபி கிரெக்கிடம் போய், தவறான தகவல், திருத்த வேண்டும் என்று முறைப்படி கேட்டாராம். கிரெக் என்னிடம்: "திருத்து. எனக்கு இந்தத் தலைவலி வேண்டாம்."

ஜூலை 11, வெள்ளி

ரயிலில் போகும்போதும் வரும்போதும் தேடினேன். கிடைத்த அகராதிகள் பெரும்பாலும் ராபி பக்கம். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பேச்சு, அரட்டை என்ற பொருளில் 'கிராக்' பழசு. அங்கிருந்து வட அயர்லாந்துக்கு. பிறகு தெற்கே. ஐரிஷ் எழுத்தில் எழுதுவது பின்னால் வந்த வழக்கம். 'போலி ஐரிஷ்' என்று கோபமாக எழுதியவர்கள் உண்டு. எங்கிருந்து வந்தால் என்ன, ஐரிஷ் பேசுகிறவர்கள் வாயில் புழங்கிவிட்டால் அது ஐரிஷ்தான் என்று எழுதியவர்களும் உண்டு. இந்தக் கடைசியை நான் சேர்க்கவில்லை. கட்டம் சின்னது.

'திருத்தம்: இது உண்மையில் ஐரிஷ் சொல் அல்ல. ஆங்கிலத்திலிருந்து வந்தது.' மூன்று மணிக்கு அனுப்பிவிட்டேன். விட்டது தொல்லை.

ஜூலை 13, ஞாயிறு

மேய்ஸ் ஹில் முருகன் கோயில். கார் நிறுத்த இடமில்லை, இரண்டு தெரு தள்ளி. துஷியின் சித்தியும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். பூசை முடிந்து சாப்பாட்டுக் கூடம். சாம்பார் சாதம், கடலை, கேசரி.

துஷி பக்கத்து மேசை அம்மாவிடம், "அன்ரி, அந்தக் கதிரையை ஒருக்கா இஞ்சால தாங்கோ" என்றாள்.

எனக்கு என்ன வந்ததோ. வாரமெல்லாம் சொல்லாராய்ச்சி செய்த மிதப்பு. "நாற்காலிக்குக் கதிரை, சமையலறைக்குக் குசினி, எல்லாம் போர்த்துக்கீசியச் சொல்லு. தமிழே இல்ல. அந்த ஐரிஷ் ஆளுங்க மாதிரி நீங்களும் எங்க சொல்லுன்னு கிளம்பிடாதீங்க" என்று எல்லாரும் கேட்கச் சொல்லிச் சிரித்தேன். சித்தப்பா லேசாகச் சிரித்தார். சித்தி கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். துஷி தானே எழுந்து போய் நாற்காலியை எடுத்து வந்தாள்.

காரில் ஏறியதும் சொன்னாள். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"கதிரை போர்த்துக்கீசம் எண்டு எனக்குத் தெரியாதோ? பள்ளிக்கூடத்திலயே படிச்சனான். நீ ஏன் எல்லாருக்கும் முன்னால, எங்கட தமிழ் தமிழே இல்லை எண்ட மாதிரிச் சொன்னனீ? எங்கட சித்தப்பா இந்தத் தமிழைக் கதைச்சபடியாத்தான் ஆமியின்ர செக்பொயின்ற்றில அடி வாங்கினவர்."

வண்டியைக் கிளப்பினாள்.

"வீட்டுக் கதவைத் திறக்கிறதை நாங்கள் 'திறப்பு' எண்டு சொல்லுறம். நீங்கள் என்ன சொல்லுறனீங்கள்? சாவி. அது எங்கயிருந்து வந்தது எண்டு ஒருக்காத் தேடிப் பார். ஜன்னலையும் சேத்துப் பார்."

தேடினேன். சாவி போர்த்துக்கீசியம். ஜன்னல் போர்த்துக்கீசியம். மேசை, அலமாரி. நாமக்கல்லில் பிறந்து இருபத்தொன்பது வருடமாக என் வாயில் இருந்த சொற்கள்.  யாரோ நம் வீட்டுக்குள் வந்து, இந்தச் சுவர் உங்களுடையது இல்லை என்று சொன்னது போல. இரண்டு நிமிடம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் டோனல் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை நான் அனுப்பியது.

துஷியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்றாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 14, திங்கள்

முதல் ரயிலைப் பிடித்து ஓடினேன். கிரெக் அறைக்குள் போய், திருத்தத்தைப் படிக்க வேண்டாம், மாற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்ல. அறை பூட்டியிருந்தது. கூட்டம் தொடங்கிவிட்டது.

கிரெக் படித்துவிட்டார். 'உண்மையில் ஐரிஷ் சொல் அல்ல.'

ராபி கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். டோனல் என்னிடம்தான் வந்தார். சிரிப்பே இல்லாத அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"எங்க அம்மாவுக்குச் சாகற வரைக்கும் இங்கிலீஷ் சரியா வரலை. அடுப்படியில உக்காந்து அவங்க சொன்ன வார்த்தை அது. ஸ்கூல்ல ஐரிஷ் பேசினா எங்க தாத்தாவை அடிச்சாங்க. இப்போ நீ வந்து, நேத்து வந்த பொண்ணு, அதுவும் இங்கிலீஷ்காரங்களோடதுதான்னு எழுதறே."

"டோனல், நான் அப்படி நினைச்சு…"

"நீ எழுதிட்டே." பிறகு ராபியைப் பார்த்து, "நீ எழுத வெச்சே."

ராபி சொன்னதை எழுத வேண்டாம். 'உங்க ஆளுங்க' என்று தொடங்கியது. டோனலும் 'உங்க ஆளுங்க' என்றார். ஊரில் எத்தனையோ வருடத்துக்கு முன் இரு தரப்பும் ஒருவரையொருவர் கொன்றதெல்லாம் வந்தது. பதினொரு வருடத்தில் இருவரும் இதைப் பேசியதே இல்லையாம், பம்ப் ஆள் பிறகு சொன்னார்.

மாலை ராபியின் வண்டி தனியாகப் போனது. டோனல் ஸ்டேஷனுக்கு நடந்தார். அதே ரயில், அதே பெட்டி. என்னைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

ஜூலை 16, புதன்

ராபிக்கும் டோனலுக்கும் இடையே இரண்டு நாளாக ஒரு வார்த்தை இல்லை.

வேலை முறை இது. கிரேன் கம்பிக் கட்டு ஒன்றை மேலே கொண்டுவரும். அது உட்கார அடியில் மரச்சட்டங்களை ராபி அடுக்கிவிட்டு, ரேடியோவில் "கை எடுத்தாச்சு" என்பார். அதன் பிறகுதான் டோனல் கிரேனுக்கு "இறக்கு" என்பார். இப்போது ராபி கட்டைவிரலை மட்டும் காட்டுகிறார். டோனல் தலையை ஆட்டுகிறார். அவர்களுக்கிடையே ரேடியோ ஊமை.

நான் பார்த்தேன். கிரெக்கும் பார்த்தார். "பெரியவங்க, சரியாகிடுவாங்க" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. நான் வாயைத் திறந்தால் இன்னும் கெடும் என்று ஒரு சாக்கு.

தயிர் தீர்ந்துவிட்டது. துஷி பேச ஆரம்பித்திருக்கிறாள், அளந்து.

ஜூலை 17, வியாழன்

9.40 மணி. நல்ல வெயில், காற்று இல்லை. அதை ரிப்போர்ட்டிலும் எழுத வேண்டும், காற்று இல்லை என்று.

நான் ஐந்தாவது தளத்தில் டேப் பிடித்துத் தூண்களுக்கான கம்பி இடைவெளி பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பிக் கட்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ராபி ஒரு மரச்சட்டம் கோணலாக இருக்கிறதென்று இடது கையால் அதைத் தள்ளினார்.

கட்டு உட்கார்ந்தது. அவர் கை உள்ளே.

கத்தவில்லை அவர். அதுதான் இன்னும் காதில் இருக்கிறது, அந்தச் சத்தமின்மை. பிறகு டோனல் அலறினார், "தூக்கு! தூக்கு! தூக்கு!" மூன்று நாளில் அந்த ரேடியோவில் அவர் அப்படிக் குரல் உயர்த்தியது அப்போதுதான்.

என் கழுத்துத் துணியை அவிழ்த்துச் சுற்றினேன். ராபியின் முகம் சுண்ணாம்பு. "விரல் இருக்கா, பாரு" என்றார். "இருக்கு" என்றேன். பொய்.

ஆம்புலன்ஸ் பதினைந்து நிமிடம். டோனல் ஏறப் போனார். ராபி தலையை அசைத்தார், வேண்டாமென்று. நான் ஏறினேன்.

மோதிர விரல், சுண்டு விரல். இரண்டும் போயிற்று.

ஜூலை 18, வெள்ளி

அரசாங்கத்தின் பணியிடப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். சைட்டில் வேலையை நிறுத்திவிட்டார். சாட்சிகள் எல்லாரும் தனித்தனியாக எழுதித் தர வேண்டும். சேகரிக்கும் பொறுப்பு எனக்கு.

என்னுடையதை எழுதினேன்: மூன்று நாளாக வாய்ச்சொல் இல்லாமல் வேலை நடந்தது எனக்குத் தெரியும், நான் நிறுத்தவில்லை. ஏன் பேசிக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கு என் முதல் ரிப்போர்ட்டையும் திருத்தத்தையும் இணைத்தேன்.

மதியம் டோனல் தன் தாளைக் கொடுத்தார். ஒரு பக்கம். பெரிய பெரிய எழுத்து, பள்ளிப் பிள்ளை எழுதியது போல. நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்தேன்.

'ராபியின் கை சட்டத்தின் மேல் இருந்ததை நான் பார்த்தேன். நிறுத்து என்று சொல்ல நேரம் இருந்தது. இரண்டு எண்ணும் நேரம். அவன் முதலில் வாயைத் திறக்கட்டும் என்று நான் காத்திருந்தேன்.'

 வேறு யாராவது எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"டோனல், இது…"

"அப்படியே குடு. ஒரு எழுத்து மாத்தாதே. இந்தத் தடவை நான் சொன்னதைத் திருத்தாதே."

கிரெக் படித்தார். கதவைச் சாத்தினார். "வெயில் கண்ணுல பட்டிருக்கும். பதற்றத்துல என்னவோ எழுதியிருக்கார். நீ பேசி வேற எழுதி வாங்கு. உன் விசா பேப்பரெல்லாம் என்கிட்டதான் இருக்கு, காவ்யா, ஞாபகம் இருக்கட்டும்." சாதாரணமாகத்தான் சொன்னார். சாப்பிட்டியா என்று கேட்பது போல.

கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்.  துஷிக்கு ஃபோன். சொன்னேன்.  அவள்: "அந்தாள் தன்ர கையால எழுதினதை நீ மாத்தப் போறியோ?" இல்லை என்றேன். "அப்ப ஏன் எனக்கு ஃபோன் அடிச்சனீ? போய்க் குடு."

அதிகாரி கிளம்பிக்கொண்டிருந்தார். கார் வரைக்கும் ஓடிக் கொடுத்தேன். கிரெக் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

மழை. ஆஸ்பத்திரி. ஆரஞ்சு ஒரு பை.

ராபி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை தலையணை மேல், பெரிய வெள்ளைக் கட்டு. மனைவி வீட்டுக்குப் போயிருக்கிறாராம். நானே ஆரம்பித்தேன், ரிப்போர்ட்டுக்கு மன்னிப்பு. "நீ தப்பா ஒண்ணும் எழுதலை" என்றார். "சரியாவும் எழுதலை" என்றேன். உதட்டோரம் கொஞ்சம் சிரித்தார்.

வாசலில் டோனல். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கோட்டெல்லாம் நனைந்திருந்தது. உள்ளே வரவில்லை.

"உன் கையைப் பார்த்தேன், ராபி. நிறுத்துன்னு சொல்லியிருக்கலாம். நீ முதல்ல பேசணும்னு நின்னேன். எழுதிக் குடுத்துட்டேன். எனக்கு இனிமே கிரேன் கிடையாது, வேற என்ன செய்வாங்களோ தெரியாது. காகிதத்துல பாத்து நீ தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு வந்தேன்."

நர்ஸ் வந்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், போனார்.  ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தேன். எழுந்து போயிருக்க வேண்டும். 

ராபி கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடியே சொன்னார்:

"கம்பி இறங்கறது எனக்கும் தெரிஞ்சுது. நிறுத்துன்னு ஒரே ஒரு வார்த்தை. உன்கிட்ட அதைச் சொல்ல மாட்டேன்னு இருந்தேன்."

டோனல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கதவைச் சாத்து" என்றார் ராபி. "வராந்தாவுல ஒரே சத்தம்."

டோனல் சாத்தினார். உள்பக்கம் நின்று.